டயரும் ஒரு கியர்தான்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டதும் கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருட மலரை எடுத்துப் புரட்டினேன். நிலாவைப் பற்றி மட்டும் ஏழு கவிதை இருந்தது. எட்டாவது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, அதாவது நான் செய்த ஒரு தப்பை, எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஹாஸ்டலில் பல அறைகளில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. அமெரிக்கக்காரன் ஜீப், இடுப்புயர டயர், பாறை மேல் ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "மச்சி, ஊர்ல இருக்கற ஜீப்புக்கு இதே மாதிரி போட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்காத ஆட்டோமொபைல் மாணவன் உண்டா? நானும் கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல் போட்டும் பார்த்தவன்.

எங்கள் ஊர் ஏரியூர். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் தாண்டி இருக்கிறது. ஒரு பக்கம் மேட்டூர் அணையின் தண்ணீர் வந்து தேங்கி நிற்கும் நாகமரை. அங்கிருந்து பரிசலில் ஏறினால் அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. தண்ணீர் இறங்கும் வருஷங்களில் முழுகிப்போன பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் அந்த ஈர மண்ணிலேயே விதைத்து வெள்ளாமை எடுப்பார்கள். இன்னொரு பக்கம் காடும் கரடும். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்கு மோசமில்லாவிட்டாலும், லாரி போகாத, ஆட்டோ போகாத பாதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அந்தப் பாதைகளில்தான் எங்கள் அப்பாவின் ஜீப் ஓடுகிறது. போகும்போது சிமெண்ட், ரேஷன் அரிசி, தவிட்டு மூட்டை. வரும்போது புளி, கேழ்வரகு, நிலக்கடலை, சில நாள் ஆடு. நான் படிப்பதும் தங்கை படிப்பதும் அந்த நாலு சக்கரத்தில்தான்.

ஜீப் என்றால் இப்போது வரும் ஏ.சி. வைத்த ஜீப் இல்லை. உயரமான பானட் வைத்த பழைய மஹிந்திரா. உலகப்போர் ஜீப்பான வில்லிஸ் எம்.பி.க்குப் பின்னால், 1953ல் வில்லிஸ் கம்பெனி சி.ஜே.3பி என்று ஒரு மாடல் கொண்டுவந்தது. அதே அமைப்பைத்தான் மஹிந்திரா லைசென்ஸ் வாங்கி இங்கே பல வருஷம் தயாரித்தது. எங்கள் வண்டியில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு யாரோ டீசல் எஞ்சின் ஏற்றி ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்து வைத்திருந்தார்கள். அப்பா வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. மூன்று கியர், பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்: ஒன்று நாலு வீல் டிரைவுக்கு, ஒன்று ஹை-லோவுக்கு.

போன வருஷம் கோடை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இரண்டாமாண்டு முடித்த தெம்பு. "அடியில கல்லு இடிக்குதுடா கண்ணு, சைலன்சரு ரெண்டு தடவை பிடுங்கிக்கிச்சு" என்று அப்பா சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. "பெரிய டயர் போட்டா சரியாப் போயிடும்ப்பா" என்றேன். ஆறு அங்குல அகலமுள்ள 6.00-16 டயருக்குப் பதில் 7.50-16, அதாவது மினி லாரிக்குப் போடும் டயர். அதற்கேற்ற அகலமான ரிம். டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கப் பின்பட்டையிலும் முன்பட்டையிலும் ஆளுக்கு ஒரு பட்டை கூடுதலாகச் செருகி வண்டியை உயர்த்துவது. இதுதான் என் திட்டம்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். என் தாத்தாதான் எனக்கு வக்காலத்து வாங்கினார். "மாட்டு வண்டிச் சக்கரம் பெருசா இருந்தாத்தானே பள்ளம் மேடு தெரியாம போகும்? சின்னச் சக்கரம் கல்லுல முட்டி நிக்கும்" என்றார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. சரியான பேச்சே ஆளைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் ஸ்டெப்னியோடு ஐந்து டயர் வாங்கினோம்.

வண்டி பார்க்க என்ன கம்பீரம்! பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால் சின்னப் பசங்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். நான் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். உங்களில் சிலர் அதைப் பார்த்து "சூப்பர்டா" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரே வாரத்தில் அப்பா சொன்னார், "வண்டி என்னமோ மூச்சு வாங்குதே." மேட்டில் இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் ஒன்றாவது கேட்டது. கிளட்ச் நாற்றம் அடித்தது. அப்பா ஒரு நீள நோட்டில் டீசல் கணக்கு எழுதுவார். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10 கொடுக்கிறது என்று காட்டினார். "புது டயர்ப்பா, பழகணும்" என்று சொன்னேன். புது டயர் எதைப் பழகும்? வாய் இருக்கிறது, சொன்னேன்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. எட்டு மூட்டை சிமெண்ட், பின்னால் இரண்டு ஆட்கள், அப்பா பக்கத்தில் நான். மலைப் பாதையில் கடைசி வளைவு ஏற்றம். அந்த இடத்தில் அப்பா லோ ரேஞ்ச் போடுவதில்லை. இந்த வண்டியில் நாலு வீலையும் சேர்த்தால்தான் லோ விழும். அதற்கு நிறுத்த வேண்டும். பாரத்தோடு மேட்டில் நிறுத்த யாருக்கும் மனசு வராது. சாதாரண ஒன்றாவது கியரில், ஒரு வேப்பமரம் வரும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் மேலே போய்விடும். வருஷக்கணக்கில் அப்படித்தான் போயிருக்கிறது. அன்றைக்கும் வேப்பமரத்தில் அழுத்தினார். பாதி ஏறியதும் எஞ்சின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கிளட்சைப் பாதி மிதித்துப் பார்த்தார். புகை வந்தது. எஞ்சின் நின்றுபோனது.

பிரேக்கை ஏறி மிதித்தார். ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். வலது பக்கம் பள்ளம். அப்பா ஸ்டியரிங்கை உடைத்து வண்டியின் பின்பக்கத்தை இடது பக்க மலைச்சரிவில் கொண்டுபோய் முட்ட வைத்தார். முட்டிய வேகத்தில் ஸ்டியரிங் திரும்பிச் சுழன்று அவர் இடது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. குதித்தவர்களில் ஒருவருக்கு முழங்கையில் தோல் போனது. மூன்று மூட்டை சிமெண்ட் வெடித்துப் பாதையெல்லாம் சாம்பல் நிறம்.

என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், "டயரு நல்ல டயருதான். வண்டியாலதான் அதைச் சுத்த முடியல" என்று மட்டும் சொன்னார்.

சுத்த முடியல. அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. மாட்டு வண்டியில் மாடு சக்கரத்தைச் சுற்றுவதில்லை. நுகத்தடியில் கட்டி வண்டியை இழுக்கிறது. சக்கரம் சும்மா உருள்கிறது. அதனால் பெரிய சக்கரம் லேசு. ஜீப்பிலோ எஞ்சின் ஆக்சிலைத் திருகித்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மண்ணைப் பிடித்துத் தள்ளும் இடம் ஆக்சிலிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குத் தள்ளு விசை குறையும். டார்க்கை ஆரத்தால் வகுத்தால் விசை. தாத்தாவின் சக்கரமும் என் சக்கரமும் வட்டம் என்பதைத் தவிர வேறு உறவில்லை. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

மறுநாள் ஒரு சாக்பீஸ், ஒரு டேப் எடுத்துக்கொண்டேன். டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை நேராகத் தள்ளி, டயர் கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. பழைய டயர் ஒரு சுற்றுக்கு 2.20 மீட்டர் போனது. புது டயர் 2.47 மீட்டர். வகுத்தால் 1.12. அதாவது நான் டயர் மாற்றவில்லை; வண்டியிலுள்ள ஒவ்வொரு கியரையும் 12 சதம் வேகக் கியராக மாற்றியிருக்கிறேன். எந்த ஸ்பேனரும் தொடாமல், கியர் பாக்ஸைத் திறக்காமல்.

மைலேஜ் மர்மமும் இதிலேயே விடிந்தது. ஸ்பீடோமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து வருவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமிருந்து வருகிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. 100 கிலோமீட்டர் ஓடினால் 89 என்றுதான் காட்டும். அப்பா நோட்டில் இருந்த 10 உண்மையில் 11க்குக் கொஞ்சம் மேல். முள் 40 காட்டும்போது வண்டி 45ல் போய்க்கொண்டிருந்தது என்பதும் இதே கணக்குதான். அது இன்னும் பயமான விஷயம்.

அடுத்து ஆக்சில் ரேஷியோ. இதற்கு ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். நியூட்ரல். இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அதனால் அதை விட்டுவிட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் டிஃப்ரன்ஷியல் வழியாகக் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த நேரத்தில் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். தங்கை சுற்றினாள், நான் அடியில் படுத்து எண்ணினேன். நாலு சுற்று முடிந்து ஐந்தாவது முடியக் கொஞ்சம் பாக்கி. 4.88. அதாவது பினியனில் 8 பல், கிரவுனில் 39.

இங்கேதான் ஒரு விசேஷம். போர்க்கால எம்.பி. ஜீப்புக்கு 4.88தான். ஆனால் போர் முடிந்து விவசாயிகளுக்கென்று ஜீப் செய்தபோது, ஏர் உழவும் பாரம் இழுக்கவும் வேண்டுமே என்று வில்லிஸ்காரர்கள் 5.38க்குப் போனார்கள். 8 பல்லுக்கு 43 பல். சி.ஜே.3பி-க்கும் 5.38தான். அப்படியானால் எங்கள் வண்டிக்கு 4.88 எப்படி வந்தது? பென்னாகரத்து மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "டீசல் எஞ்சினு பெட்ரோல் மாதிரி சுத்தாது தம்பி. ரோட்டுல ஸ்பீடு வரலைன்னு எவனோ மாத்தியிருப்பான்." ஆக எங்கள் வண்டி ஏற்கெனவே ஒருமுறை மலையிலிருந்து ரோட்டுக்கு இழுக்கப்பட்டது. நான் அதை இன்னும் 12 சதம் ரோட்டுப் பக்கம் தள்ளினேன், மலைக்காக என்று சொல்லிக்கொண்டு.

கணக்கைப் பாருங்கள். ஒன்றாவது கியர் 2.8, லோ ரேஞ்ச் 2.46, ஆக்சில் 4.88. பெருக்கினால் 33.6. எஞ்சின் 33.6 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒன்று. பெரிய டயரில் இது 30 போட்டதற்குச் சமம். ஆக்சிலை 5.38 ஆக்கினால் பெரிய டயரோடு 33. பழைய நிலைக்கு வந்துவிடும். பழைய டயரோடு 5.38 என்றால் 37. படத்திலுள்ள அமெரிக்கக்காரன் பெரிய டயர் போட்டவுடன் ஆக்சில் ரேஷியோவையும் மாற்றிவிடுகிறான். 3.73 இருந்த இடத்தில் 4.56, 4.88 என்று போடுவான். அந்தச் செலவு படத்தில் தெரிவதில்லை.

சரி, டயரை வைத்துக்கொண்டு ஆக்சிலை மாற்றலாமா, டயரை மாற்றலாமா? முடிவெடுக்குமுன் முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்தேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து எங்கெங்கே கல் இடித்திருக்கிறது என்று கீறல்களைப் பார்த்தேன். டிஃப்ரன்ஷியல் உருண்டையில் ஒன்றிரண்டு பழைய துருப்பிடித்த கீறல். புதுக் கீறலெல்லாம் சைலன்சர் குழாயிலும், கியர் பாக்ஸுக்குக் கீழே குறுக்காகப் போகும் மெம்பரிலும்!

இது ஏன் முக்கியம் என்றால், டிஃப்ரன்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்தது. அதன் உயரம் டயரால் மட்டும்தான் கூடும், அதுவும் டயர் விட்டத்தில் கூடுவதில் பாதி. விட்டம் மூன்றரை அங்குலம் கூடினால் ஒண்ணே முக்கால் அங்குலம். பட்டை எத்தனை செருகினாலும் உருண்டை தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. பட்டை உயர்த்துவது சேஸ்ஸை, சைலன்சரை, மெம்பரை. எங்களுக்கு இடித்ததோ சைலன்சரும் மெம்பரும். அந்தப் பட்டைகளைப் பார்த்தால் வருஷக்கணக்கில் பாரம் ஏற்றி வில் வளைவு போய் நேராகப் படுத்துக் கிடந்தன. பழைய டயரே போதும். பட்டை செட்டைப் புதிதாகப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் வியாதி பார்க்காமல் மருந்து கொடுத்தவன்.

புதுப் பட்டை செட் போட்டதில் சேஸ் ஒண்ணே முக்கால் அங்குலம் உயர்ந்தது. கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த உயரம்தான். கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டோம். அது இருந்தபோது புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு அதிகமாகி கிராஸ் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

ஆனாலும் 5.38 ஆசை எனக்குப் போகவில்லை. இது படத்தைப் பார்த்து வந்த ஆசை இல்லை. வண்டியின் பிறவி ரேஷியோ அது. மலையில் ஓடும் வண்டிக்கு அதுதான் நியாயம். அப்பாவிடம் கேட்கவே கூச்சமாக இருந்தது. மூன்று நாள் கழித்துக் கேட்டேன். நோட்டில் கணக்கெல்லாம் எழுதிக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. "ரோட்டுல ஸ்பீடு குறையுமா?" என்று கேட்டார். பத்தில் ஒரு பங்கு குறையும் என்றேன். "எனக்கு எதுக்கு ஸ்பீடு?" என்றார்.

சேலத்தில் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து 8-43 கிரவுன் பினியன் இரண்டு ஜோடி பிடித்தேன். ஜோடி என்பதைக் கவனியுங்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்தவை. இரண்டிலும் ஒரே எண் வெட்டியிருக்கும். வேறு வேறு எண்ணை வாங்கினால் ஊளையிடும்.

ஏன் இரண்டு ஜோடி? மெக்கானிக் அண்ணன் பின்னால் மட்டும் மாற்றினால் போதும், முன்னால் எப்போதாவதுதானே போடுகிறீர்கள் என்றார். இந்த முறை நான் விட்டுக்கொடுக்கவில்லை. முன்னால் 4.88, பின்னால் 5.38 என்றால், நாலு வீலையும் சேர்த்தவுடன் முன் சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின் சக்கரம் வேறு வேகம் கேட்கும். பத்து சத வித்தியாசம். சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த பாறையில் வழுக்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும், லீவர் திரும்ப வராது, ஏதாவது ஒரு பல் போகும். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாலிடெக்னிக்குல ஏதோ சொல்லித்தான் தர்றாங்க போல" என்றார்.

ஹவுசிங் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஷிம் வைத்து, பல்லில் பிரஷ்யன் புளூ தடவி, சுற்றிப் பார்த்து, பதிவு பல்லின் நடுவில் விழும்வரை கழற்றிக் கழற்றி மாட்டினோம். முன் ஆக்சில் ஒரே நாளில் அமைந்தது. பின் ஆக்சில் இரண்டரை நாள் வதைத்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: அதே அளவு கிரவுனில் அதிகப் பல் வெட்டும்போது பல் ஒவ்வொன்றும் சிறிதாகும், 8 பல் பினியனின் தலையும் சிறுக்கும். பலத்தில் கொஞ்சம் இழக்கிறோம். கிளட்சை டமால் என்று விடுகிறவர்களுக்கு 5.38 ஆகாது. அப்பா அப்படி விடுகிறவர் இல்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று. ஹேண்ட் பிரேக் ஷாஃப்டில் இருக்கிறது என்றேனே, ஷாஃப்டைப் பிடித்தால் அந்தப் பிடி ஆக்சில் ரேஷியோவால் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகும். 4.88க்குப் பதில் 5.38 என்றால் பத்து சதம் கூடுதல் பிடி. பெரிய டயரும் இல்லை. அன்றைக்கு நான் இழுத்தபோது நிற்காத பிரேக் இப்போது நிற்கிறது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் நாளை ஒர்க்‌ஷாப் வைக்கப் போகிறவர்கள். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது. உயர்த்திய வண்டியோடு எஃப்.சி.க்குப் போனால் என்ன ஆகும் என்று நான் டயர் வாங்கும்போது நினைக்கவே இல்லை. விபத்தில் ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அப்பாதானே பதில் சொல்லியிருக்க வேண்டும்?

கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்து முதல் லோடு. மறுபடி எட்டு மூட்டை சிமெண்ட். வேப்பமரம் வந்தது. அப்பா அழுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே போய்தான் அழுத்தினார். எஞ்சின் சத்தம் இறங்காமல் அப்படியே போனது. அவர் காது புதுக் கணக்கை ஒரு மேட்டிலேயே எழுதிக்கொண்டுவிட்டது. நான் மூன்று நாள் பேப்பரில் போட்ட கணக்கு அது.

பெரிய டயர்களை ரிம்மோடு ஒரு மினி லாரிக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி அப்பா நீள நோட்டை எடுத்தார். டீசல், கிலோமீட்டர் எல்லாம் எழுதிவிட்டுக் கீழே "டயர் நட்டம்" என்று எழுதித் தொகையைப் போட்டார். வழக்கமாக ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது யார் கணக்கு என்று பெயர் எழுதுவார். அந்த வரியில் எழுதவில்லை.